கரிச்சான் தேறியது

சூளகிரி
3 பிப்ரவரி 2025

அக்கா,

பெட்டியைப் பிரித்ததும் மேலே இந்தக் காகிதம்தான் இருந்திருக்கும். என் கையெழுத்தைப் பார்த்ததும் கசக்கியிருப்பாய். கசக்கினாலும் பரவாயில்லை, விரித்துப் படி. என் நம்பரையும் வெஸ்லின் நம்பரையும் போனில் தடுத்து வைத்திருக்கிறாய். மத்திகிரிக்கு நேரில் வந்தால் போன வருஷம் மாதிரி வீட்டுக்கார சரோஜம்மாள் கண்ணெதிரேயே கதவைச் சாத்துவாய். அதனால்தான் பஸ்ஸில் பார்சல். கண்டக்டர் வெங்கடப்பன் அண்ணன் "ஆய்த்து ஆய்த்து, குடும்மா, ஓசூர் ஸ்டாண்ட்ல வேலைக்கு எறங்கறப்ப உங்கக்கா கையிலயே குடுத்துடறேன்" என்று வாங்கிக்கொண்டார்.

உள்ளே இருப்பது நாங்கள் செய்த ட்ரோன். பெயர் கரிச்சான். மூன்று அங்குல இறக்கை, பேட்டரியோடு சேர்த்து இருநூற்று முப்பத்தெட்டு கிராம். கேமரா படம் தெரிகிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு ட்ரோனுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதுபோல் ஓட்டுவது, குட்டிக்கரணம் போடுவது, சந்தில் நுழைந்து வருவது, இதெல்லாம் நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்ச் சரக்கில் பாதி விலைக்குக் கொடுக்க முடியும். படிக்கிற பிள்ளைகள் வாங்கட்டும் என்றுதான் செய்தோம். வெஸ்லின் வேலையை விட்டு ஒரு வருஷமாக இந்தத் தகர ஷெட்டிலேயே கிடக்கிறார்.

பாலிடெக்னிக் லேப் பொறுப்பாளர் அண்ணாதுரை சார் வந்து பார்த்தார். பிடித்திருக்கிறது. ஆனால் என்ன சொன்னார் தெரியுமா? "யூடியூப்ல ட்ரோன் டெஸ்ட் பண்ற லிபியா உங்கக்காதானேம்மா? அவங்க பதினாறு கட்டம் போட்ட ஷீட்ல 'தேறியது'ன்னு கையெழுத்து வாங்கிட்டு வாங்க. நாப்பது பீஸ் எடுத்துக்கறோம். அது இல்லீன்னா பிரின்சிபால் ஒத்துக்க மாட்டாரு."

பேக்டரியில் தரம் பார்க்கிற உன் கண்ணுக்கு ஊரே பயப்படுகிறது. மார்ச் 13 அன்று காலேஜ் மைதானத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும். இந்த ஆர்டர் தவறினால் ஷெட்டைக் காலி செய்துவிட வேண்டியதுதான், வேறு வழியில்லை. என்மேல் இருக்கிற கோபத்தை இதன்மேல் காட்டாதே அக்கா. உள்ளதை உள்ளபடி எழுது, போதும்.

ஃபெபா

---

மத்திகிரி
9 பிப்ரவரி 2025

ஃபெபாவுக்கு,

கசக்கவில்லை. சோதனை முடியும்வரை எந்தக் காகிதத்தையும் கசக்குகிற பழக்கம் எனக்கில்லை. சப்ளையர் பெயர் என்கிற இடத்தில் உன் பெயரை எழுதினேன். என்னைப் பொறுத்தவரை நீ அதற்குமேல் ஒன்றுமில்லை. "அக்கா" என்று எழுதி மையை வீணாக்காதே.

கால்நடைப் பண்ணைக்குப் பின்னால் இருக்கும் பொட்டலில் மூன்று நாள் விடியற்காலையில் ஓட்டினேன். முதல் குட்டிக்கரணத்திலேயே பேட்டரி பட்டை நழுவி, பேட்டரி ஒரு பக்கம், உன் கரிச்சான் ஒரு பக்கம். படம் கொழகொழவென்று நடுங்குகிறது. பத்து நிமிஷம் பார்த்தால் வாந்தி வரும், எனக்கு வந்தது. இரண்டாம் நாள் மோட்டாரைத் தாங்குகிற இரண்டு கைகளில் திருகு கழன்றுவிட்டது. கழற்றிவிட்டுப் போவதில் உன் புருஷனுக்கு இருக்கும் பழக்கம் தெரிந்ததுதான், ஆச்சரியப்படவில்லை.

ஈயம் பற்றவைத்தது நீ என்று பார்த்ததுமே தெரிந்தது. சின்ன வயதில் சட்டைக்குப் பொத்தான் தைத்தாலும் இப்படித்தான் தைப்பாய், மேலே பளபளப்பு, உள்ளே பிடிப்பே இருக்காது. சிவப்பு ஒயரை லேசாக இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. நாற்பது பிள்ளைகள் கையில் இதைக் கொடுக்கப் போகிறீர்களாக்கும்.

ஒழுங்காக இருப்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் வன்மம் என்பாய். ஒன்பதாம் கட்டம்: பறக்கும்போது, ஓட்டுகிறவர் கையிலிருக்கும் ரேடியோவின் தொடர்பு அறுந்துபோனால் மோட்டார் உடனே நிற்க வேண்டும். இறக்கையைக் கழற்றிவிட்டு, மேசைமேல் வைத்து, கையிலிருந்த ரேடியோவை அணைத்துப் பார்த்தேன். சட்டென்று நின்றது. ஆள்மேல் மோதாமல் கீழே விழுந்துவிடும். இந்த ஒன்றை மட்டும் யாரோ புத்தியுள்ளவர்கள் செய்திருக்கிறீர்கள்.

பதினாறில் ஐந்து போச்சு. தேறவில்லை. தாளை இதோடு வைத்திருக்கிறேன். சட்டம் போட்டு மாட்டிக்கொள்.

லிபியா

---

சூளகிரி
16 பிப்ரவரி 2025

அக்கா,

மை என்னுடையது. அக்கா என்றுதான் எழுதுவேன்.

உன் கடிதத்தை வெஸ்லினிடம் கொடுக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். அவரே எடுத்துப் படித்துவிட்டார். மடித்து என் கையில் திரும்பக் கொடுத்தார். அப்புறம், "உங்கக்கா சொன்னது அத்தினியும் நெசம்டி. அதான் எரியுது" என்று சொல்லிவிட்டு, கட்டி வைத்திருந்த பதினெட்டு பீஸையும் பிரித்துப் போட்டார். திருகுகளுக்கெல்லாம் பசை வைத்தாயிற்று. கேமராவுக்கு அடியில் ரப்பர் கொடுத்தோம். பட்டையை மாற்றினோம். ஈயம் நான் வைக்கவில்லை, மொபைல் கடை முத்துமணியை உட்காரவைத்துப் பற்றவைத்தோம். ஆக, உனக்குப் பொத்தான் கதை இனி இல்லை.

திருகைப் பற்றி எழுதும்போது அந்த ஒரு வரியை மட்டும் விட்டிருக்கலாம். தாளைக் காட்டு என்று அண்ணாதுரை சார் கேட்டார். நல்லவேளை, அவரிடம் தாளைத்தான் கொடுத்தேன், கடிதத்தை மறைத்துவிட்டேன்.

அப்பாவை ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரியில் மாதா கோயில் வாசலில் பார்த்தேன். மூன்று வருஷமாக அதே கதைதான். நான் வருவதைப் பார்த்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போய்விட்டார். தனியாகப் பொங்கித் தின்கிறார், ஆள் இளைத்துப் போயிருக்கிறார். "பெரியவ மன்னிச்சான்னா சொல்லு, அப்ப வர்றேன்" என்று சாமியாரிடம் சொல்லியிருக்கிறாராம். அதாவது உன் கையெழுத்து இல்லாமல் எனக்கு அப்பாவும் கிடையாது.

இரண்டாவது பீஸ் அனுப்பியிருக்கிறேன். பாரு.

ஃபெபா

---

மத்திகிரி
23 பிப்ரவரி 2025

ஃபெபாவுக்கு,

படம் நடுங்கவில்லை. திருகு நிற்கிறது. ஈயம் நன்றாக இருக்கிறது, முத்துமணியைப் பாராட்டினேன் என்று சொல். ஒன்பதாம் கட்டம் இந்தத் தடவையும் சரி.

ஆனால் தேறவில்லை. பண்ணையின் பால் கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோனேன். இருநூறு மீட்டர்கூட இருக்காது. நான் திருப்பினால் அது யோசித்து யோசித்துத் திரும்புகிறது. ரேடியோ சொல்வதை வாங்கிக்கொள்ள நீங்கள் போட்டிருக்கும் ரிசீவர் காயலான் கடைச் சரக்கு. அதைத் தூக்கிப்போட்டுவிட்டு வேறு வையுங்கள். அதுவரைக்கும் இன்னொரு பெட்டியை அனுப்பி என் ஞாயிற்றுக்கிழமையைக் கெடுக்காதே.

ஞாயிற்றுக்கிழமை என்றதும் ஒன்று கேட்க வேண்டும். மூன்று வருஷமாகக் கேட்கவில்லை, இப்போது நீயாகத்தானே வந்தாய்.

கோயிலில் என் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்த அன்று நீ என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். "சகாயநாதன் மகள் லிபியாவுக்கும் வெஸ்லினுக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டுள்ளது. தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்." சாமியார் மைக்கில் வாசித்தார். நீ என் முக்காட்டைச் சரிசெய்துவிட்டாய். அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலை. அன்றைக்கும் பக்கத்தில்தான் இருந்தாய், என் காதில், "வெக்கப்படுது பாரு கழுதை" என்று சிரித்தாய். மூன்றாம் ஓலைக்குக் கோயிலே நிறைந்திருந்தது. பெயர் வாசிக்கவில்லை. பூசை முடியும்வரை ஊரே என் முதுகைப் பார்த்தது. வெளியே வந்த பிறகுதான், உன்னைத்தான் கட்டுவேன் என்று அவன் முந்தின நாள் சாயங்காலம் சாமியார் வீட்டுக்குப் போய்ச் சொன்னது தெரிந்தது.

தடை நீதான். உனக்குத் தெரியும். முதல் ஓலையிலேயே தெரியுமா இல்லையா, அதை மட்டும் எழுது.

லிபியா

---

சூளகிரி
2 மார்ச் 2025

அக்கா,

தெரியும். முதல் ஓலைக்கு ஒரு மாதம் முன்பே தெரியும்.

சொல்லாதது தப்பு. உன் காலில் விழச் சொன்னால் விழுகிறேன். முக்காட்டைச் சரிசெய்தபோதும் தெரிந்துதான் செய்தேன். ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பயம். உன்னிடம் எதைக் கொண்டுவந்தாலும் குறை கண்டுபிடிப்பாய். என் மார்க்கு, என் கோலம், என் சிநேகிதிகள், எதுதான் உன்னிடம் தேறியது? நீ இவ்வளவு எழுதிவிட்டாய், நானும் ஒன்றை எழுதிவிடுகிறேன். வெஸ்லின் அப்போது என்னிடம் வந்து என்ன சொன்னார் தெரியுமா? "உங்கக்காகூட இருந்தா தெனமும் பரிச்ச எழுதற மாதிரி இருக்குது ஃபெபா. வாழ்நாள் பூரா என்னால பரிச்ச எழுத முடியாது."

அவர் உன்னை விட்டதற்கு நான் மட்டும் காரணமில்லை.

ரிசீவர் மாற்றியாயிற்று. நீ சொன்ன பிறகு பெங்களூருக்குப் போய் நல்லதாக வாங்கி, எல்லாப் பீஸிலும் அதையே வைத்துவிட்டோம். இப்போது அரை கிலோமீட்டர் போனாலும் சொன்ன பேச்சைக் கேட்கிறது. இன்னும் பதினொரு நாள்தான் இருக்கிறது. மூன்றாவது பீஸ் இதோடு வருகிறது, கடைசியாக ஒரு தடவை பார்.

ஃபெபா

---

மத்திகிரி
8 மார்ச் 2025

அன்புள்ள ஃபெபா,

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் பேக்டரிக்குப் போகவில்லை. பிறகு யோசித்தேன். நீ உண்மையைத்தானே எழுதியிருக்கிறாய். சாம்பல் புதன் பூசைக்குப் போய் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வந்தேன். எத்தனை நாளைக்குத்தான் இதைச் சுமப்பது? போதும் என்று பட்டது.

கரிச்சான் நன்றாகப் பறக்கிறது. புளியமரத்துக் கிளைக்குள் நுழைந்து, பண்ணைத் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, தலைகீழாக விழுந்து எழுந்தது. இந்த விலையில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. வெஸ்லினிடம் சொல், ரிசீவர் விஷயத்தில் அவர் எடுத்தது சரியான முடிவு.

தாளில் "தேறியது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என் யூடியூப் பக்கத்திலும் வீடியோ போடுகிறேன், காலேஜ்காரர்கள் பார்க்கட்டும். அப்பாவிடம் இந்தக் கடிதத்தைக் கொண்டுபோய்க் காட்டு. நான் மன்னித்துவிட்டேன் என்று நீயே சொல். 13ஆம் தேதி எனக்கு ஷிப்ட், வர முடியாது. எப்படிப் போனது என்று எழுது.

உன் அக்கா
லிபியா

---

கிருஷ்ணகிரி
22 மார்ச் 2025

அக்கா,

எப்படிப் போனது என்று எழுதச் சொல்லியிருந்தாய். எழுதுகிறேன்.

உன் கடிதத்தை அப்பாவிடம் கொண்டுபோனேன். வாசலில் நின்றபடி இரண்டு தடவை படித்தார். "பெரியவளா எழுதுனா? பெரியவளா?" என்று கேட்டுக்கொண்டே அழுதார். எனக்கு அன்றைக்கு அவர் கையால் சோறு போட்டார். 13ஆம் தேதி தானும் வருவதாகச் சொன்னார். கட்டம்போட்ட சட்டை ஒன்று நீ வாங்கிக் கொடுத்தது இருக்கிறதே, அதைப் போட்டுக்கொண்டு வந்தார்.

மைதானத்தில் கயிறு கட்டியிருந்தோம். எல்லாரும் கயிற்றுக்குப் பின்னால்தான். வெஸ்லின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓட்டினார். அண்ணாதுரை சார் கை தட்டினார், பிள்ளைகள் விசிலடித்தார்கள். அப்பா போனை எடுத்துக்கொண்டு கயிற்றைத் தாண்டி நாலடி முன்னால் போனார். நான் வாங்கப்பா என்று கூப்பிட்டேன். "இரு தாயி, லிபியாவுக்கு வீடியோ அனுப்பணும், அவ பாக்கலையே" என்றார்.

கரிச்சான் புதுக் கட்டிடத்துக்குப் பின்னால் போனது. ரேடியோ அறுந்தது. மோட்டார் நிற்கவில்லை அக்கா. கடைசியாகக் கொடுத்த வேகத்தையே பிடித்துக்கொண்டு கட்டிடத்தைச் சுற்றி வெளியே வந்தது. வெஸ்லின் "போச்சு, போச்சு, எல்லாரும் படுங்க" என்று கத்தினார். அப்பா போனைப் பிடித்தபடியே நின்றார். முகத்தில்தான் மோதியது. விழுந்த பிறகும் இறக்கை சுற்றிக்கொண்டிருந்தது. நான்தான் பேட்டரியைப் பிடுங்கினேன்.

இடது கண்ணை எடுத்துவிட்டார்கள்.

போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனார்கள். ஆர்டர் போயிற்று, ஷெட் போயிற்று, வெஸ்லின் கான்ட்ராக்டில் ஒரு பேக்டரிக்குப் போகிறார். அதெல்லாம் கிடக்கட்டும்.

நேற்று நீ கடைசியாக ஓட்டித் திருப்பி அனுப்பிய பீஸில், ஓடியதையெல்லாம் பதிந்து வைக்கிற நினைவுச் சிப்பைக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தோம். வேறு யாராக இருந்தாலும் அழித்துவிட்டுத்தான் அனுப்பியிருப்பார்கள். நீ தரம் பார்க்கிறவள், சோதனைப் பதிவை அழிக்க உனக்குக் கை வராது. மேசைமேல் வைத்து ரேடியோவை அணைத்திருக்கிறாய். பதினொரு நொடி மோட்டார் நிற்காமல் ஓடியிருக்கிறது. மறுபடி ஒரு தடவை பார்த்திருக்கிறாய். அப்போதும் ஓடியிருக்கிறது. புது ரிசீவரில் அந்த ஒரு செட்டிங்கை நாங்கள் மாற்றாமல் விட்டுவிட்டோம். இரண்டு தடவை நீயே சரி என்று எழுதிய இடமாயிற்றே என்று திரும்பப் பார்க்கவில்லை. அது எங்கள் தப்பு, நான் மறுக்கவில்லை.

நீ அனுப்பிய தாளையும் எடுத்துப் பார்த்தேன். பதினைந்து கட்டத்தில் டிக். ஒன்பதாம் கட்டத்தில் ஒன்றுமே இல்லை. பொய் டிக் போடக்கூட உனக்கு மனசு வரவில்லை, ஆனால் கீழே தேறியது என்று எழுத வந்தது. அந்த வெற்றுக் கட்டத்தை நான் முதல் நாளே பார்த்தேன் அக்கா. கேட்டிருக்கலாம். கேட்டால் நீ மனசு மாறிவிடுவாயோ என்று வாயை மூடிக்கொண்டேன். அதற்காக நான் என்னை மன்னிக்கமாட்டேன், அது என் பாடு.

இப்போது உன் பாட்டுக்கு வருகிறேன். அப்பாவிடம் நான் சொல்லிவிட்டேன், அக்கா பார்த்து அனுப்பியது சரியாகத்தான் இருந்தது, அதற்குப் பிறகு நான்தான் அவசரத்தில் ஒன்றை மாற்றிவிட்டேன் என்று. நம்பிவிட்டார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "என்னைப் பெரியவகிட்ட கொண்டுபோய் விட்டுருங்க" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

29ஆம் தேதி சனிக்கிழமை வெஸ்லின் அவரைக் காரில் கொண்டுவந்து உன் வாசலில் விடுவார். இனி அவர் உன்னோடுதான். கதவைச் சாத்தாதே.

ஃபெபா

---

மத்திகிரி
12 ஏப்ரல் 2025

ஃபெபா,

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். நாற்பது தடவை கூப்பிட்டேன். நீ இப்போது என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய். சரி, எழுதுகிறேன்.

கரிச்சான் கீழே விழும், இல்லாவிட்டால் எங்கேயாவது பறந்து தொலையும் என்றுதான் நினைத்தேன். அத்தனை பேர் எதிரில் அவன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முழிக்க வேண்டும், நான் கோயிலில் உட்கார்ந்திருந்த மாதிரி நிற்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. அப்பாவிடம் காட்டச் சொன்னதுகூட நீ நம்ப வேண்டும் என்பதற்காகத்தான். அவர் வருவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சத்தியமாகத் தோன்றவில்லை.

ஃபெபா, என்னால் இதைத் தாங்க முடியவில்லை. மருந்து விடும்போதெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சரியாத்தான் பாத்தம்மா. உம்மேல ஒரு குத்தமும் இல்ல. அவ கெடுத்துட்டா" என்கிறார். சரோஜம்மாளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, என் கையெழுத்து எவ்வளவு மதிப்பானது என்று சொல்கிறார். நேற்று பங்குச் சாமியார் பார்க்க வந்தார். அவரிடமும், "தங்கச்சி அவ்வளவு துரோகம் பண்ணியும் மன்னிச்சா சாமி, இப்பிடி ஒரு மகள யாருக்குக் குடுப்பாரு ஆண்டவரு?" என்று சொல்லி அழுதார். நான் அடுப்படியில் நின்று வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டேன்.

பெரிய வியாழனுக்கு முன்னால் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி பாவசங்கீர்த்தனம் செய்யச் சொல்கிறார். உன்னிடம் சொல்ல ஒரு பாவமும் இருக்காது, ஆனாலும் போய்விட்டு வா என்கிறார்.

மூன்று தடவை சொல்லிவிட வாயெடுத்தேன். அந்த ஒற்றைக் கண்ணால் என்னை ஏறிட்டுப் பார்க்கிறார், மருந்துப் புட்டியை மூடிவிட்டு எழுந்துவிடுகிறேன். நீ வா. நீயே வந்து சொல்லிவிடு. சிப்பைக் காட்டு, தாளைக் காட்டு. நீ சொன்னால் நான் மறுக்கமாட்டேன், தலையைக் குனிந்து கேட்டுக்கொள்கிறேன். என்னை அடித்தாலும் சரி, காறித் துப்பினாலும் சரி. இப்படிப் புகழ்ந்துகொண்டே இருக்க வேண்டாம்.

லிபியா

---

சூளகிரி
17 ஏப்ரல் 2025

அக்கா,

வரமாட்டேன்.

டாக்டரிடம் நேற்றுப் பேசினேன். ஒரு கண்ணில் பட்ட அடி சில பேருக்கு மறு கண்ணையும் கெடுக்குமாம், வலது கண்ணிலும் பார்வை குறைந்துகொண்டே வருகிறதாம். ஆறு மாதமோ எட்டு மாதமோ, அதற்குமேல் சொல்ல முடியாது என்கிறார். அப்பாவுக்கு இது தெரியாது, நீயும் சொல்லாதே.

சொட்டு மருந்தை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை விடு, ராத்திரியில் களிம்பு. வெளிச்சத்தில் உட்காரவைத்து, உன் முகம் அவருக்குத் தெரிகிற மாதிரி எதிரில் உட்கார்ந்துகொண்டு விடு. பார்வை இருக்கிறவரைக்கும் அவருடைய நல்ல மகளைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

ஃபெபா